மதிப்பு முள்

ஷட்டரை முழுசாகத் தூக்கி முடிப்பதற்குள் ரூபாவதி வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அக்கா, ஒத்தை ஸ்டார் விழுந்திருக்குதுங்க! நேத்துப் பகல் பன்னெண்டு மணிக்கே வந்திருக்குது. ஞாயித்துக்கிழமைன்னு நான் போனையே பாக்கலீங்க."

சிவசெல்வியின் கை ஷட்டரிலேயே நின்றுவிட்டது. நேற்றுப் பகல் பன்னிரண்டு என்றால் இன்று பகல் பன்னிரண்டு வரைதான் கெடு. இப்போது மணி ஏழே கால்.

கோயம்புத்தூர் கணபதியில் கிரைண்டர் உதிரி பாகங்கள் விற்கிற கடை அது. பெல்ட், புஷ், குழவிக் கம்பி, மாவு வழிக்கிற வைப்பர் என்று நூற்றுச் சொச்சம் சாமான்கள். நேரில் வந்து வாங்குகிறவர்கள் நாளைக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் 'பொருள்வீதி' வழியாகத்தான் போயிற்று. ஊரில் பாதிப்பேர் உப்பிலிருந்து உரல் வரை அந்த இணையச் சந்தையில்தான் வாங்கினார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் பொருள்வீதி தன்னிடம் விற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு மோதிரம் அனுப்பியது. அதைப் பற்றி விளக்குவதற்குச் சென்னையிலிருந்து பிரேம்நாத் என்ற இளைஞன் வந்திருந்தான். பீளமேட்டில் ஒரு மண்டபத்தில் இருநூறு பேரை உட்காரவைத்துச் சொன்னான்.

"குறை சொன்ன வாடிக்கையாளருக்கு எல்லாரும் என்ன எழுதறீங்க? 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் கருத்துக்கு நன்றி.' எழுதிட்டு வாய்க்குள்ள என்ன சொல்றீங்க?"

மண்டபமே சிரித்தது.

"அதனால இனிமே நாங்க வார்த்தையப் பாக்கப் போறதில்ல. வார்த்தை பொய் சொல்லும், விரல் சொல்லாது. நீங்க பதில் எழுதறப்ப உங்க விரலோட சூடு, வேர்வை, நாடித் துடிப்பு எல்லாத்தையும் இந்த மோதிரம் படிக்கும். எதிர்ல இருக்கறவர் மேல உங்களுக்கு உள்ளபடியே எவ்வளவு மதிப்பு இருக்குன்னு நூத்துக்கு இவ்வளவுன்னு போட்டுடும். அந்த எண் உங்க பதிலுக்குப் பக்கத்துலயே ஊருக்கெல்லாம் தெரியும்."

"குறைஞ்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நாப்பதுக்குக் கீழ மூணு தடவை வந்தா கடை மூடிடும். நிரந்தரமா. ஒரு நாளைக்குள்ள பதிலே எழுதலன்னா பூஜ்யம்னு வச்சுப்போம்."

விற்பவர்கள் அந்த எண்ணுக்கு 'முள்' என்று பேர் வைத்துவிட்டார்கள். வாங்குகிறவர்களுக்கோ கொண்டாட்டம். கடைக்காரன் மனசுக்குள் எட்டிப் பார்க்கிற வசதி யாருக்குக் கசக்கும்?

சிவசெல்விக்கு முதல் மாதமே முள் முப்பத்தேழில் நின்றது. நாலாம் மாதம் முப்பத்துநாலு. இரண்டு தடவையும் அவள் கோபப்பட்டதாக அவளுக்கே ஞாபகம் இல்லை. ஆனால் எண் எண்தானே. அதன் பிறகு அவள் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். பால்காரரிடம் பேசும்போதும், பஸ்ஸில் யாராவது இடம் கேட்கும்போதும், 'எனக்குள்ளே இவங்க மேல மதிப்பே இல்லையோ? நான் அப்படிப்பட்ட பொம்பளையோ?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பக்கத்துத் தெரு பெல்ட் கடை வேலாயுதத்துக்கு நேர்ந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மூன்றாவது தடவை பதினெட்டு வந்து கடை மூடிற்று. மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் ஒரே வாரத்தில் கலைந்தது. "பதினெட்டு வாங்கின குடும்பமுங்களா?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் வாசலுக்கே வருவதில்லை.

இப்போது சிவசெல்விக்கு மூன்றாவது.

"படி ரூபா."

ரூபாவதி போனைத் திறந்து படித்தாள். "வைப்பர் மூன்றே நாளில் தேய்ந்துவிட்டது. விற்கிற அம்மாவுக்கு மனசாட்சி இருந்தால் இதை ஒரு நாள் தன் வீட்டு மாவில் போட்டு ஓட்டிப் பார்க்கட்டும். அப்புறம் வந்து வியாக்கியானம் பேசட்டும். சூசைமாணிக்கம், திண்டுக்கல்."

படித்துவிட்டு அவளே சொன்னாள். "மூணு நாள்ல வைப்பர் தேயுமாங்க்கா? வேற மாடலுக்கு மாட்டியிருப்பாரு. நம்மளச் சொல்றாரு."

சிவசெல்விக்கும் அப்படித்தான் தோன்றியது. மோதிரத்தை மாட்டிக்கொண்டு, பதிலை அனுப்பாமலே எண்ணைப் பார்க்கிற சோதனைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். 'ஐயா, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.' முள் முப்பத்தாறு. மூச்சை இழுத்துவிட்டு மறுபடி எழுதினாள். முப்பத்துமூன்று.

"இந்த ஆள்கிட்ட மதிக்கிறதுக்கு ஏதாச்சும் ஒண்ணு கெடச்சாப் போதும் ரூபா. ஒரே ஒண்ணு. யாருன்னு தேடிப் பாரு."

தேடியதில் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிட்டார். சூசைமாணிக்கமும் பொருள்வீதியில் விற்கிறவர்தான். திண்டுக்கல்லில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு வீடுவீடாக அனுப்புகிறார். அவர் விரலிலும் ஒரு மோதிரம். அவர் பக்கத்திலும் இரண்டு பதில்கள் நாற்பதுக்குக் கீழே: முப்பத்தொன்பது, முப்பத்தைந்து.

"அவருக்கும் இன்னொண்ணு வந்தா முடிஞ்சுதுங்க்கா," என்றாள் ரூபாவதி, குரல் இறங்கி.

சிவசெல்வி அந்த இரண்டு குறைகளையும் திறந்தாள். முதலாவது, மாவு புளித்துவிட்டது என்று. இரண்டாவதை ஒரு தாய் எழுதியிருந்தாள். பத்து நாளைக்கு முந்தியது. 'குழந்தைக்கு இட்லி ஊட்டும்போது தொண்டையில் ஏதோ சிக்கி இருமினான். விரலை விட்டு எடுத்தேன். மாவில் நீலமாக ஒரு துணுக்கு. கடவுள் புண்ணியத்தில் பிழைத்தோம். இது என்ன கடை?'

நீலம்.

ஊரில் எல்லோரும் வெள்ளை வைப்பர் விற்கும்போது தன்னுடையது தனியாகத் தெரியட்டும் என்று நீல நிறத்தில் வார்க்கச் சொன்னவள் அவள்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அச்சு வார்ப்பவரை மாற்றியிருந்தாள்.

"ரூபா, அரிசி ஊறப் போட்டிருக்கியா வீட்ல?"

"இருக்குதுங்க்கா, சாயங்காலம் ஆட்டறதுக்கு..."

"ஓடு. எடுத்துட்டு வா. அப்படியே உளுந்தும்."

கடையிலேயே மாதிரிக்கு வைத்திருந்த கிரைண்டரில், புதுப் பெட்டியிலிருந்து ஒரு நீல வைப்பரை எடுத்து மாட்டி ஓடவிட்டார்கள். இருவரும் குனிந்து நின்று பார்த்தார்கள். கால் மணி நேரம். ஒன்றுமில்லை. அரை மணி நேரம். மாவு பஞ்சுபோல் பொங்கி வந்தது. ரூபாவதியின் முகம் மலர்ந்தது. "பாருங்க்கா, சுத்தமா இருக்குது!"

"இன்னொருக்கா ஓட்டு. அவரு மூணு நாள்னாரு. மாவுக் கடைல ஒரு நாளைக்கு எத்தன ஈடு ஆட்டுவாங்க?"

உடனே இரண்டாம் ஈடு ஓடியது. ஒன்பது மணிக்குச் சிவசெல்வி கையை விட்டு மாவை அள்ளி, வெள்ளைத் தட்டில் தடவி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தட்டில் எள்ளில் பாதி அளவுக்கு ஒரு நீலப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. விரலால் தள்ளிப் பார்த்தாள். பிளாஸ்டிக்.

"அய்யோ," என்றாள் ரூபாவதி.

"மனுசன் பொய் சொல்லல ரூபா. போட்டு ஓட்டிப் பாருன்னுதான் சொன்னாரு. நம்ம ஓட்டிப் பாக்காமலே அவர் மேல பழி போட்டோம். இந்தப் புது வார்ப்புல எத்தன பேருக்கு அனுப்பியிருக்கோம்?"

கணினியைத் தட்டினாள் ரூபாவதி. "அறுபத்திமூணு பேருங்க."

அறுபத்துமூன்று வீடு, கடை, விடுதி. எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு இந்நேரம் இட்லி ஊட்டிக்கொண்டிருக்கிறார்களோ. சிவசெல்வி உடனே பிரேம்நாத்துக்குப் போன் போட்டாள். அன்றைக்கு மண்டபத்தில் எல்லோருக்கும் அவன் தன் எண்ணைக் கொடுத்திருந்தான்.

"இத வாங்கின எல்லாத்துக்கும் உடனே தகவல் அனுப்போணுமுங்க. நீங்க அனுப்பிருவீங்களா?"

"அதுக்கு ஒரு படிவம் இருக்கு மேடம். போட்டீங்கன்னா பதினஞ்சு வேலை நாள்ல..."

"பதினஞ்சு நாளா? குழந்தைங்க திங்கறாங்க தம்பி! அவங்க போன் நம்பராவது குடுங்க."

"அது தர முடியாது மேடம். தனித்தனியா நீங்களே எங்க தளத்துல எழுதலாம். ஒரே செய்திய எல்லாருக்கும் ஒட்டினா இயந்திரம் எழுதினதுன்னு தள்ளிடும். ஒவ்வொண்ணையும் மோதிரத்தோட புதுசா எழுதணும். அப்புறம் மேடம், உங்க கடைக்கு இன்னிக்குப் பன்னெண்டு மணி கெடு இருக்கு. கடை மூடினா வாங்கினவங்க பட்டியலும் சேர்ந்து பூட்டிடும்."

மணி ஒன்பது இருபது.

"ரூபா, நீ பேரைப் படி. நான் எழுதறேன்."

ஒவ்வொருவரையும் அவர்கள் முன்பு எழுதிய கருத்தோடு ரூபாவதி படித்தாள். சிவசெல்வியின் விரல்கள் பறந்தன. சேலத்தில் பெண்கள் விடுதிச் சமையல்காரர். தாராபுரத்தில் வீட்டிலேயே மாவு விற்கிற ஒரு பெண். போன தடவை 'உங்கள் பெல்ட் என் கல்யாணத்தைவிட நல்லா உழைக்குது' என்று எழுதியிருந்தாள். காங்கேயத்தில் ஒரு டிபன் கடை. 'அம்மா, அந்த நீல வைப்பரை இப்போதே கழற்றிவிடுங்கள். மாவை யாருக்கும் கொடுக்காதீர்கள். தப்பு எங்களுடையது. கூப்பிட வேண்டிய எண் இது' என்று எழுதித் தன் சொந்தக் கைப்பேசி எண்ணைப் போட்டாள். அது விதிமீறல் என்று பொருள்வீதி சிவப்பில் எச்சரித்தது. தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

ஒவ்வொரு செய்திக்குப் பக்கத்திலும் முள் ஓர் எண்ணைக் காட்டியது. தனிச் செய்திகள் கணக்கில் சேராது. ஆனாலும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. இருபத்தொன்பது. இருபத்தேழு. இருபத்துநாலு.

"அக்கா, குறைஞ்சுட்டே போகுதுங்க," என்றாள் ரூபாவதி மெதுவாக.

"எனக்குந் தெரியுது. அடுத்த பேரு?"

ஆனால் முப்பதாவது செய்தியை எழுதி முடித்ததும் சிவசெல்விக்கு ஒரு கேள்வி எழும்பியது. இந்த நிமிடத்தில் இந்த முகம் தெரியாத மனிதர்களை நினைத்து அவள் நெஞ்சு பதைக்கிறது. வாழ்க்கையில் யாரையும் இவ்வளவு பெரிதாக அவள் நினைத்ததில்லை. அப்படியிருக்க இருபத்துநாலா? போனை ஒலிபெருக்கியில் போட்டு, எழுதுவதை நிறுத்தாமலே பிரேம்நாத்தை மறுபடி கூப்பிட்டாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். எனக்குக் கை நடுங்குது, விரலெல்லாம் ஜில்லுன்னு வேர்க்குது. பயத்துல. யாருக்கு என்ன ஆகுமோன்னு பயம். இத உங்க மோதிரம் என்னன்னு படிக்குது?"

மறுபக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"தம்பி?"

"மேடம்... வெறுப்பு வந்தாலும் விரல் குளுந்து வேர்க்கும். பயம் வந்தாலும் அப்படித்தான். ரெண்டையும் பிரிக்க முடியலைன்னு மூணு மாசம் முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. மேல சொன்னோம். பரவால்ல, வாங்கறவங்களுக்குப் பிடிச்சிருக்கு, ஓடட்டும்னாங்க."

சிவசெல்வியின் விரல் முதல்முறையாக நின்றது. "அப்ப யாருக்குங்க தொண்ணூறு வருது?"

"எதையுமே நினைக்காம எழுதறவங்களுக்கு."

"இதுவரைக்கும் எத்தன கடைய மூடியிருக்கீங்க?"

"நானூத்திப் பதினேழு."

அதிர்ந்து பேசத் தெரியாத வேலாயுதம். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் இரவெல்லாம் உருளுகிற மனிதர். அவருக்கு வந்த பதினெட்டு மதிப்பில்லாததால் வந்தது அல்ல. பயந்து பயந்து எழுதியதால் வந்தது. தனக்கு வந்த முப்பத்தேழும் முப்பத்துநாலும் அப்படித்தான். எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் ஒன்று சட்டென்று இறங்கியதை அவள் உணர்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. கூடவே சிரிப்பும் வந்தது.

பிரேம்நாத் அவசரமாகப் பேசினான். "மேடம், நான் சொல்றதக் கேளுங்க. மத்தவங்களுக்குச் செய்தி அனுப்பிட்டீங்கன்னா சரி. அந்தத் திண்டுக்கல்காரருக்கு மட்டும் மனசுல எதையும் வச்சுக்காம, தூங்கற மாதிரி உக்காந்து, 'தங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு ஒரே வரி தட்டுங்க. அறுபது வந்துடும். கடை தப்பிச்சுடும்."

"செரிங்க தம்பி," என்று போனை வைத்தாள் சிவசெல்வி. "அடுத்தது யாரு ரூபா?"

பதினொன்று ஐம்பதுக்கு அறுபத்துமூன்றாவது செய்தி போய்ச் சேர்ந்தது. ரூபாவதி கையைத் தட்டி ஒரு குதி குதித்தாள். இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சிவசெல்வி தண்ணீர் குடித்துவிட்டுச் சூசைமாணிக்கத்தின் குறையைத் திறந்தாள்.

"அக்கா, அந்தத் தம்பி சொன்ன மாதிரி ஒரே வரி..." என்று இழுத்தாள் ரூபாவதி. "நம்ம கடைங்க்கா."

"அவரு பாவம் நெசத்தச் சொன்னாரு ரூபா. பதிலுக்கு நான் தூங்கிட்டே எழுதட்டுமா?"

எழுதினாள்: 'சூசைமாணிக்கம் அவர்களுக்கு. நீங்கள் சொன்னபடி எங்கள் மாவில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். நீலத் துணுக்கு வந்தது. நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்தேன், அதற்கு வெட்கப்படுகிறேன். குழந்தைக்குத் தொண்டையில் சிக்கியது என்று உங்களிடம் குறை சொன்ன அம்மாவிடம் இதைக் காட்டுங்கள். உங்கள் மாவில் குறை இல்லை, என் வைப்பரில்தான். வேறு யார் இதை வைத்திருந்தாலும் கழற்றிவிடுங்கள். சிவசெல்வி.' கீழே தன் எண்.

அனுப்பினாள். முள் ஆடி ஆடிப் பத்தொன்பதில் நின்றது.

திரை வெளுத்தது. 'வாடிக்கையாளரை மதிக்காத காரணத்தால் இந்தக் கடை நிரந்தரமாக மூடப்படுகிறது.'

ரூபாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவசெல்வி மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு விரலை நீவிக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது.

சேலம் விடுதிச் சமையல்காரர். "தாயி, கழட்டிட்டோம். மாவையும் கொட்டியாச்சு. நூத்திருபது புள்ளைங்க. இத யாரு இப்படித் தேடி எழுதிச் சொல்லுவா?" அதை வைப்பதற்குள் தாராபுரம். அதற்குள் காங்கேயம். இரண்டு மணி வரை இருவரும் சாப்பிடவே இல்லை. எழுதும்போதே நோட்டில் குறித்து வைத்திருந்த பெயர்களுக்கு எதிரே ரூபாவதி டிக் போட்டுக்கொண்டே வந்தாள். ஐம்பத்தெட்டுப் பேர் பேசிவிட்டார்கள். மீதி ஐந்து பேர் கழற்றிவிட்டதாகக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்கள். ஒருவர் வீட்டிலும் யாருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை.

மூன்று மணிக்குமேல் பட்டியலில் இல்லாத குரல்கள் வர ஆரம்பித்தன. "உங்ககிட்ட நான் எதுவும் வாங்கினதில்லீங்க. முள்ளு பத்தொன்பதுன்னு ஒருத்தர் போட்டோ அனுப்பினாரு. பக்கத்துல நீங்க எழுதினதையும் படிச்சேன். ரெண்டும் ஒத்தே வரலியே, அதான் கூப்பிட்டேன். பெல்ட் இருக்குதுங்களா?"

நாலரைக்குப் பிரேம்நாத் கூப்பிட்டான். பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது.

"மேடம், மூடின கடைங்க எல்லாத்தோட பதிலையும் நான் வெளிய போட்டுட்டேன். மோதிரத்தப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்சதையும் சேத்து. அதுல உங்க ஊர் பெல்ட் கடை வேலாயுதம்னு ஒருத்தர் கடைசியா என்ன எழுதியிருந்தார் தெரியுமா? 'பெல்ட் அறுந்து உங்கள் கை பட்டுவிடவில்லையே?' அதுக்குத்தான் பதினெட்டு."

சிவசெல்வி வேலாயுதத்தின் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "உங்க வேலை தம்பி?"

"போச்சு மேடம். ஆபீஸ் வாசல்ல நிக்கறேன்."

"பயமா இருக்குதுங்களா?"

"விரலெல்லாம் ஜில்லுனு இருக்கு," என்று சொல்லிச் சிரித்தான்.

அவள் ரூபாவதியை வேலாயுதம் வீட்டுக்கு ஓடவிட்டாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தவள் மூச்சிரைக்கச் சொன்னாள். "அவங்க பொண்ணு படிச்சுக் காட்டிட்டு இருக்குதுங்க்கா. அந்த நானூத்திப் பதினேழையும். அவரு வாசப்படில உக்காந்து கேட்டுட்டு இருக்கறாருங்க. வாசல்லீங்க்கா!"

ஐந்தரைக்குத் திண்டுக்கல்லிலிருந்து போன் வந்தது.

"சூசைமாணிக்கம் பேசுறேன்."

சிவசெல்வி தன்னையறியாமல் எழுந்து நின்றாள். "சொல்லுங்க."

"அந்த அம்மா பையனத் தூக்கிட்டு நேர்லயே கடைக்கு வந்துருச்சுங்க. நீங்க எழுதினதக் காட்டுனேன். என்னைத் திட்டுனதுக்கு வருத்தப்பட்டுச்சு. பயலுக்கு ஒண்ணுமில்ல, என் கல்லாமேல ஏறி நிக்கிறான்." பையனை இறங்கச் சொல்லி அதட்டினார். "ஆனா ஒண்ணு சொல்லிப்புடுறேன். நான் போட்ட ஸ்டாரை மாத்த மாட்டேன். பொருள் மோசம்தான?"

"மோசந்தானுங்க. மாத்தாதீங்க."

"நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு தெரியும்." பேச்சை மாற்றினார். "எனக்கு ரெண்டு வைப்பர் வேணும்."

"இல்லீங்களே. இருக்கறது எல்லாமே அந்த நீலந்தான், உடைச்சுப் போடப் போறேன். வேற ஆளப் பிடிச்சுப் புதுசா வார்க்கணும். வார்த்ததையும் என் கிரைண்டர்ல ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் யாருக்கும் குடுப்பேன். பத்து நாளாவது ஆகுமுங்க. அவசரம்னா வேற கடைல வாங்கிக்கோங்க, நல்ல கடை ஒண்ணு சொல்றேன்."

"எதுக்கு? பத்து நாள்தானங்க. அதுவரைக்கும் கையாலயே வழிச்சுக்கிறேன்."

போனை வைத்ததும் சிவசெல்வி மணியைப் பார்த்தாள். வார்ப்புப் பட்டறைகள் ஏழு மணி வரை திறந்திருக்கும்.

"ரூபா, வண்டிய எடு!"

ரூபாவதி அதற்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தாள்.